நஷ்டக் கணக்கில் ஒரு சிறகு

1962-ல் நாசா ஒரு பறக்கும் வண்டியை வெறும் 4,280 டாலரில் செய்து முடித்தது என்றால் நம்ப முடிகிறதா? குழாய்களைப் பற்றவைத்த சட்டம், மூன்று சக்கரம், ஒரு இருக்கை, தலைக்கு மேல் துணிச் சிறகு. என்ஜின் கிடையாது! ஏழே வாரத்தில் தயாரான அதன் பெயர் பாரசெவ்.

சிறகின் யோசனை ஃபிரான்சிஸ் ரொகாலோ என்ற பொறியாளருடையது. மனைவி கெர்ட்ரூடுடன் சேர்ந்து, சமையலறைத் திரைத் துணியில் சிறகு வெட்டி, வீட்டிலேயே மின்விசிறி வைத்துச் சோதித்தார். 1951-ல் காப்புரிமை கிடைத்தது. துணிக்கு வடிவம் கொடுப்பது காற்றுதான் என்பதே அதன் சூட்சுமம்.

ஜெமினி விண்கலம் பாராசூட்டில் கடலில் விழாமல், இந்தச் சிறகில் சறுக்கித் தரையிறங்க வேண்டும் என்பது நாசாவின் ஆசை. இதைத்தான் அன்று 'பாராகிளைடர்' என்றார்கள். மனிதனால் இதை ஓட்ட முடியுமா என்று பார்க்கவே பாரசெவ். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகையில் வண்டியில் கட்டி இழுத்தார்கள். சிறகைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். 1962 மார்ச்சில் புரூஸ் பீட்டர்சன் ஓட்டியபோது சுமார் பத்தடி உயரத்திலிருந்து விழுந்து நொறுங்கியது. நல்லவேளை, அவருக்குப் பெரிய காயமில்லை. திருத்திக் கட்டி மீண்டும் பறந்தார்கள். நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஓட்டியிருக்கிறார். 1964 வரை கிட்டத்தட்ட 350 முறை!

ஆனால் பல மில்லியன் டாலர் செலவான ஜெமினி சிறகு சரியாக விரியாமல் தொல்லை கொடுத்தது. கால தாமதம் வேறு. 1964-ல் கைவிட்டார்கள். ஜெமினி கடலில்தான் இறங்கியது.

அப்படியானால் எல்லாம் வீண்தானா? கணக்குப் புத்தகத்தில் நஷ்டம்தான். ஆனால் 1963-லேயே ஆஸ்திரேலியாவின் கிராஃப்டனில் ஜான் டிக்கென்சன் இதே வடிவச் சிறகைப் படகில் கட்டிப் பறக்க வைத்துவிட்டார். எழுபதுகளில் ஹேங் கிளைடர் உலகமெங்கும் பரவியது. இன்றைய பாராகிளைடர், டொமினா ஜால்பர்ட்டின் காற்றறைச் சிறகு வழியில் வந்த வேறு கிளை.

தோற்ற ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க முடியாது. இரண்டு விஷயம் இருக்க வேண்டும். முதல் சோதனை மலிவாக இருக்க வேண்டும். முடிவு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். பாரசெவ் மலிவு. ரொகாலோ தன் காப்புரிமையை அரசுக்கே கொடுத்துவிட்டார். பூட்டி வைத்திருந்தால் அந்தச் சிறகு ஜெமினியோடு செத்திருக்கும்.

ஆராய்ச்சிக்கு மார்ச் 31-ல் கணக்கை முடித்துவிட்டால் எப்படி?