வீட்டுப் பாட்டு



இஸ்ரேலியப் பாடகி, நடிகை ஓஃப்ரா ஹாசா 1957இல் டெல் அவிவின் ஏழைப் பகுதியான ஹதிக்வாவில் பிறந்தவர். ஏமனிலிருந்து வந்த யூதப் பெற்றோரின் ஒன்பது பிள்ளைகளில் கடைசி. 1983இல் யூரோவிஷன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். ஆனால் உலகெங்கும் அவரைக் கொண்டுபோனது பழைய ஏமன் பாட்டுகள்தான். 1984இல் அவற்றை ஆல்பமாகப் பாடினார். அதிலிருந்த 17ஆம் நூற்றாண்டுக் கவிதை ஒன்று, 1988இல் ஐரோப்பாவையே ஆட வைத்தது. 2000இல் 42 வயதில் மறைந்தார்.

உங்கள் வீட்டுப் பேச்சை வகுப்பில் எல்லோர் முன்னாலும் 'தப்பு' என்று திருத்தியவன் நான். எழுத்துத் தமிழ் கற்பித்தது சரி. வீட்டுப் பேச்சுக்கு வெட்கப்பட வைத்தது என் தவறு. மன்னியுங்கள். உங்கள் பிள்ளைகளாவது பாட்டியிடம் உட்கார்ந்து பாட்டு கேட்கட்டும்.