ஆலோசனை கேட்டால் நட்டம் வருமா?

எமது வியாபாரிகள் மத்தியில் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. "கடைப் பொடியன்மாரிடம் ஒரு தடவை யோசனை கேட்டேன். அவர்கள் சொன்னபடி சாமான் எடுத்தேன். பாதி இன்னும் ஸ்டோரில் கிடக்கிறது. இனி யாரிடமும் கேட்பதில்லை" என்பதே அது. புறக்கோட்டையிலும் இதைக் கேட்டிருக்கிறேன், காத்தான்குடியிலும் கேட்டிருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு முதலாளியின் தலைமைத்துவத்தை முடக்கிப்போடுவது இந்த ஒரு முடிவுதான் என்பது எனது கருத்து.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் (கி.பி. 625) நடந்த உஹத் யுத்தத்தை நாம் எல்லோரும் அறிவோம். மதீனாவுக்குள் இருந்தே எதிரியைச் சந்திக்கலாம் என்பதே நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளக் கிடைக்காத இளம் தோழர்கள் வெளியே சென்று போரிட ஆசைப்பட்டனர். அவர்களது கருத்தை ஏற்று நபியவர்கள் புறப்பட்டார்கள். அன்று 70 பேரளவில் ஷஹீதானார்கள்.

இதற்குப் பிறகு இறங்கிய ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆவது வசனம் என்ன சொல்கிறது? தோழர்களை மன்னிக்கும்படியும், காரியங்களில் தொடர்ந்தும் அவர்களுடன் ஆலோசிக்கும்படியும், முடிவெடுத்த பின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படியும் கட்டளையிடுகிறது. இழப்பு ஏற்பட்டதற்காக மஷூரா ரத்துச் செய்யப்படவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றைய இழப்புக்கு முக்கிய காரணம், குன்றின் மீது நிறுத்தப்பட்ட 50 வில்வீரர்களில் பெரும்பாலோர் கட்டளையை மீறி இறங்கியதாகும். ஆக, ஆலோசனைக்கு ஒரு நேரம் உண்டு. முடிவுக்குக் கட்டுப்படுவதற்கு ஒரு நேரம் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிந்தவரே தலைவர்.

கடைக்கு வருவோம். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்குப் புடவை எடுக்கும் முதலாளி காசு மேசையில் இருக்கிறார். விற்ற சாமானின் கணக்கு அவரிடம் உண்டு. விற்காமல் போனதன் கதையோ விற்பனை ஊழியரிடம்தான் இருக்கிறது. எந்த நிறத்தைக் கேட்டு எத்தனை பேர் திரும்பிப் போனார்கள், எந்த அபாயாவை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்கள் என்பது எந்த பில் புத்தகத்திலும் பதிவாவதில்லை. அவரைக் கேட்காமல் கொள்முதல் செய்வது பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு காசைப் போடுவதாகும்.

நடைமுறையில் மூன்று காரியங்களைச் சொல்வேன்.

முதலாவது, கிழமைக்கு ஒரு தடவை கடை பூட்டிய பின் இருபது நிமிடம் எல்லோரையும் உட்கார வையுங்கள். வயதில் குறைந்தவர் முதலில் பேசட்டும். முதலாளி கடைசியில் பேசட்டும். முதலாளி முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் "சரி முதலாளி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். முடிவு உங்களுடையது. ஆனால் ஒருவரின் யோசனையை ஏற்காவிட்டால் அதன் காரணத்தை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பொறுப்பைக் கொடுக்கும்போது எல்லையையும் கொடுங்கள். உதாரணமாக, நூற்றுக்கு 5 வரை விலை குறைக்கலாம், 3,000 ரூபாவுக்கு உட்பட்ட பழுதான சாமானை மாற்றிக் கொடுக்கலாம், என்னிடம் கேட்கத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஹஜ்ஜுக்குப் போனவர் மினாவில் இருந்துகொண்டு ஒரு சாரிக்கு எவ்வளவு குறைப்பது என்று தொலைபேசியில் பதில் சொல்லும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அங்கே வியாபாரமும் பாழ், இபாதத்தும் பாழ்.

மூன்றாவது, தவறையும் மோசடியையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். அமானிதத்தில் கைவைத்தவரை விட்டுவைக்க முடியாது. ஆனால் நல்லெண்ணத்துடன் எடுத்த முடிவு பிழைத்துப்போனவரை வாடிக்கையாளர் முன்னிலையில் ஏசினால், அன்றோடு அவர் சுயமாக யோசிப்பதை நிறுத்திவிடுவார். நபியவர்களுக்குப் பத்து வருடங்கள் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள், தான் செய்த ஒரு காரியத்தை ஏன் செய்தாய் என்று நபியவர்கள் ஒருபோதும் கடிந்து கேட்டதில்லை என அறிவித்திருக்கிறார்கள். பிழையைத் தனியே அழைத்துப் பேசுவதால் எந்த முதலாளியின் கௌரவமும் குறையாது.

இவை அனைத்துக்கும் ஓர் அத்திவாரம் உண்டு. அதுதான் ஊழியரின் உரிமை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, ஊழியர் நூற்றுக்கு 8, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி நூற்றுக்கு 3 என்பது சட்டம். ஓர் ஊழியர் இருந்தாலும் இது பொருந்தும். "எங்கள் பொடியன்தானே, பெருநாளைக்குக் கவனிக்கிறோம்" என்று சொல்லி இதைத் தட்டிக் கழிப்பவர்கள் எம்மில் இருக்கிறார்கள். பெருநாள் சந்தோஷம் ஹதியா; சேமலாப நிதி அவரது ஹக்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. தனது ஹக்கு கிடைக்காத ஊழியர் உங்கள் கூட்டத்தில் உட்காருவார், ஆனால் மனம் திறந்து பேசமாட்டார்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். திறமையான விற்பனையாளருக்குக் கட்டாருக்கும் துபாய்க்கும் வழி திறந்தே இருக்கிறது. சம்பளத்தில் அந்நாடுகளுடன் எம்மால் போட்டியிட முடியாது. "இந்தக் கடையில் எனது சொல்லுக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது" என்ற எண்ணத்தை எம்மால் கொடுக்க முடியும். அதற்கு அந்நியச் செலாவணி தேவையில்லை.

உங்கள் தலைமைத்துவம் எப்படி என்று அறிய விரும்பினால், நீங்கள் கடையில் இல்லாத ஒரு நாளின் விற்பனைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். நீங்கள் இருந்த நாளுக்கு அது கிட்ட வந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ். பாதியாகக் குறைந்திருந்தால், அந்தப் பாதி உங்களிடம் பேசப் பயப்படும் ஊழியர்களிடம் முடங்கிக் கிடக்கிறது. இந்தக் கிழமையே அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள்.