காமாலை போனது, கிருமி போனதா?

‘‘என் கணவர் வாழை விவசாயி. நாலு மாதத்துக்கு முன்பு அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து ஏழு நாள் கொடுத்தோம். மூன்று வாரத்தில் கண் வெளுத்துவிட்டது. இப்போது குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் பரிசோதித்ததில் ‘ஹெபடைட்டிஸ் பி’ இருக்கிறது என்கிறார்கள். கீழாநெல்லி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதுவும் போய்விடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மாத்திரை வாங்கலாமா? வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.’’
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஸ்ரீரங்கம்.

காமாலை என்பது தனி நோயல்ல, அடையாளம். ரத்தத்தில் ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. அந்த வேலை தடைபட்டால் மஞ்சள் ரத்தத்திலேயே தங்கி, கண்ணிலும் தோலிலும் தெரிகிறது. தடைபடுவதற்குக் காரணம் பல. சாக்கடை கலந்த தண்ணீரில் வரும் ஏ, இ வகைக் கிருமிகள், ரத்தத்தின் வழி வரும் பி, சி வகைகள், சாராயம், பித்தப் பாதையை அடைக்கும் கல் அல்லது கட்டி, வயலில் எலி சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து வரும் எலிக்காய்ச்சல் என எல்லாவற்றிலும் கண் ஒரே மாதிரிதான் மஞ்சளாகும்.

நம் ஊர்ப் பக்கம் மிகுதியாக வருவது தண்ணீரால் வரும் ஏ, இ வகைகள். இவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஏழு நாள் கீழாநெல்லி குடித்தவருக்கும் சரியாகும், வெறும் மோர் குடித்தவருக்கும் சரியாகும். கையில் சூடு போட்டுக்கொண்டவர், கழுத்தில் வேர் மாலை கட்டிக்கொண்டவர், சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவி ‘மஞ்சள் இறங்கியது’ என்று பார்த்தவர் எல்லாருக்கும் அப்படியே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இதில் பாதி. கீழாநெல்லிக்கு மருத்துவக் குணமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. கண் வெளுத்ததை மட்டும் வைத்து, மருந்து வேலை செய்தது என்றோ உள்ளே இருந்த கிருமி போய்விட்டது என்றோ சொல்ல முடியாது.

வாசகியின் உறவினர்கள் சொல்வதும் வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சி இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டில் நடந்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து, 1976-ல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பெர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜனும் கீழாநெல்லியை எடுத்து ஆராய்ந்தார்கள். பி கிருமியை நெடுநாளாக உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு, காய வைத்துப் பொடித்த கீழாநெல்லியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது. போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. 1988-ல் ‘லான்செட்’ இதழில் இது வெளிவந்ததும் உலகமே வரப்போரச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

அதன்பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் இதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி போகவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், ஆட்களின் உடல்வாகு என்று காரணங்கள் பேசப்பட்டன. 2011-ல் காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, பி கிருமிக்குக் கீழாநெல்லி இனச் செடிகள் பலன் தருகின்றன என்று நம்பும்படியான சான்று இல்லை என்று சொன்னது. சென்னை ஆய்வைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால், ஒரு வயலில் ஒரு போகம் நன்றாக விளைந்தது என்பதற்காக எந்த விவசாயியும் ஊர் முழுக்க அந்த ரகத்தைப் போடச் சொல்லமாட்டார். நாலு வயலிலும் விளைய வேண்டும். கீழாநெல்லி அந்தச் சோதனையில் தேறவில்லை.

வாசகியின் கணவர் விஷயத்தில் இரண்டு சாத்தியங்கள் உண்டு. நாலு மாதத்துக்கு முன்பு வந்த காமாலையே பி கிருமி புதிதாகத் தொற்றியதால் வந்திருக்கலாம். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால், 100-ல் 95 பேருக்கு ஆறு மாதத்துக்குள் உடலே அதை விரட்டிவிடும். அப்படி விரட்டப்படும் நேரத்தில் கீழாநெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பெயர் அதற்குப் போகும். இன்னொன்று, பிறந்தபோதோ சிறுவயதிலோ தொற்றிய கிருமி இத்தனை வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருந்திருக்கலாம். அப்போது வந்த காமாலைக்குக் காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம். குழந்தைப் பருவத்தில் தொற்றினால் 10-ல் 9 பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகிறது. வலிக்காது, கண் மஞ்சளாகாது. 20, 30 வருடம் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும்.

இரண்டில் எது என்பதை ரத்தம்தான் சொல்லும். காமாலை வந்து ஆறு மாதம் ஆனதும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். அப்போதும் இருந்தால், கிருமியின் அளவு, கல்லீரல் செயல்பாடு, ஸ்கேன் மூன்றையும் பார்த்து மாத்திரை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் கிருமியை அடக்கி வைக்கும். வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். குடலிறக்க ஆபரேஷன் செய்கிறவரிடம் நாட்டு மருந்து சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிருமியை அடக்கும் மாத்திரையைத் தொடங்கிய பிறகு, ‘இனி மூலிகை போதும்’ என்று சொந்தமாக நிறுத்துவது ஆபத்து. அடங்கியிருந்த கிருமி சீறி எழுந்து, நன்றாக இருந்த கல்லீரலை ஒரேயடியாகச் செயலிழக்கச் செய்த சம்பவங்கள் உண்டு.

பிள்ளைகள் பற்றி வாசகி பயப்படுவது நியாயம். ஆனால், ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடித்துத் தூங்குவதாலோ பி கிருமி பரவாது. ரத்தம், தாம்பத்தியம், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என இந்த வழிகளில்தான் பரவும். சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி தனித்தனியாக இருக்க வேண்டும். வாசகியும் பிள்ளைகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு, கிருமி இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று ஊசி. பிறந்தபோதே பிள்ளைகளுக்குப் போட்டிருக்கவும் கூடும்; தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துப் பார்க்கட்டும்.

இனி, மாத்திரை வாங்கலாமா என்ற கேள்வி. ‘லிவர் டானிக்’, ‘கல்லீரல் காக்கும் மூலிகை’ என்று விற்கும் பாட்டில்களில் பெரும்பாலும் ஒரு செடி இருப்பதில்லை, ஏழெட்டு இருக்கும். எது எவ்வளவு என்பது அட்டையைப் படித்தாலும் புரியாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரலே பழுதான விவரத்தை 2021-ல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். முதலில் ஆறு பேர். மறு வருடம் நாட்டின் பல மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது 43 பேர். இவர்களில் பலருக்கு, தன் கல்லீரலைத் தன் உடலே தாக்கும் கோளாறு தூண்டப்பட்டிருந்தது. சீந்திலைப்போலவே இருக்கும் வேறு கொடியைச் சாப்பிட்டிருப்பார்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சொல்வது சரி என்றாலும், வாங்குகிறவருக்குச் சங்கதி ஒன்றுதான்: பாட்டிலுக்குள் எந்தக் கொடி இருக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் சத்து மாத்திரை வேறு. பின்னதால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி அமெரிக்காவிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன.

ஆகவே, ஏற்கெனவே பி கிருமி இருக்கிறவர், பெயர் தெரியாத கலவையைச் சொந்தமாக வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட வேண்டாம். கீழாநெல்லி மேல் நம்பிக்கை இருந்தால், பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி, அவர் சொல்லும் நாளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்பிறகு மறுபடி ரத்தம் பார்க்கலாம். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவிலேயே இது கிடைக்கும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். விலங்குச் சோதனைகளில் கீழாநெல்லி சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. பத்தியம் என்ற பெயரில் காமாலைக்காரரைக் கஞ்சியில் போட்டு வாட்டுவதும் தேவையில்லை. பசிக்கிற அளவு வழக்கமான சாப்பாடு சாப்பிடலாம். சாராயம் மட்டும் சொட்டுகூடக் கூடாது.

காமாலையோடு தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், ஈறில் ரத்தம், கறுப்பு மலம், நிற்காத வாந்தி, வயிறு வீக்கம் ஏதாவது தெரிந்தால், அன்றே மருத்துவமனை. மலம் வெளுத்து உடம்பெல்லாம் அரித்தால் பித்தப் பாதை அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். சேற்றில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தொடக்கத்திலேயே போனால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் தீரும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. இ வகைக் கிருமி கடைசி மூன்று மாதத்தில் தாயின் உயிரையே எடுக்கும்.

‘‘வாழைத் தோட்டத்தில் கீழாநெல்லி களையாக நிறைய முளைக்கிறது. காய வைத்து நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுக்கலாமா?’’
- வாசகர், லால்குடி.

முதலில் அது கீழாநெல்லிதானா என்று பார்க்க வேண்டும். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்குவது இந்த இனத்துச் செடிகள் பலவற்றுக்கும் பொது. மருந்துக்கு உரியதில் காய் வழவழப்பாகவும் சின்னக் காம்போடும் இருக்கும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக, காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. மேலாநெல்லி வேறு. படித்தவர்களுக்கே இதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. நம் நூல்கள் ‘நிருரி’ என்று ஒரே பெயரில் எழுதிவந்தது உண்மையில் மூன்று செடிகளின் கலப்பு என்று 1985-ல்தான் தாவரவியலாளர்கள் தெளிவாக்கினார்கள். 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தென்னிந்தியக் கடைகளில் வாங்கிய சரக்கில் ஏறக்குறைய கால்வாசியில் வேறு இனங்கள் இருந்தன. சந்தேகம் இருந்தால், பூவும் காயும் உள்ள செடியை வேரோடு பிடுங்கிச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் காய வைத்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருக்கும் ராபினாட் ஹெர்பேரியத்தில் கேட்டுப் பார்க்கலாம். இயேசு சபைத் துறவி கே.எம்.மேத்யூ 1967-ல் தொடங்கியது அது. நம் சமவெளித் தாவரங்கள் பற்றிய பெரிய நூல் தொகுதிகள் அங்கிருந்துதான் வந்தன.

அடுத்தது மருந்தடிப்பு. களைக்கொல்லி அடித்த தோட்டத்திலும், கிழங்கு வண்டுக்கும் நூற்புழுவுக்கும் தூரில் குருணை போட்ட வாழையின் அடியிலும் முளைத்த செடியை எக்காரணம் கொண்டும் மருந்துக்கு எடுக்கக் கூடாது. கல்லீரல் கெட்டவர் சாப்பிடப்போகிற பொருள் அது. அந்த விஷத்தை முறிக்க வேண்டியதும் அதே கல்லீரல்தான். இயற்கை முறைத் தோட்டமாக இருந்தால் மட்டும் எடுக்கலாம். தனியாகப் பயிர் செய்ய விரும்புகிறவர்கள், பொடிபோல இருக்கும் விதையை மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவி, நாற்றை எடுத்து நடலாம். ஈரமும் லேசான நிழலும் போதும். சுமார் மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும். வாங்குகிறவரை முன்கூட்டியே பேசி வைக்காமல் ஒரு சென்ட்கூடப் போட வேண்டாம்.

பறித்ததை நிழலில், தரையில் படாமல், காற்றோட்டமாகப் பரப்ப வேண்டும். குவித்துப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தில் ஒருவகை உண்டாக்கும் அஃப்லடாக்சின், கல்லீரலுக்கு உள்ள விஷங்களிலேயே மோசமானது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட 397 பேருக்குக் காமாலை வந்து 106 பேர் இறந்துபோனார்கள். மீந்ததைத் தின்ற நாய்களும் செத்தன. பி கிருமி உள்ளவருக்கு இந்த விஷமும் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. கீழாநெல்லிக்கு மட்டுமல்ல, மணப்பாறை, துறையூர்ப் பக்கம் வீட்டுக்கென்று மூட்டை கட்டி வைக்கும் நிலக்கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் இது பொருந்தும். கறுத்த, சுருங்கிய, பச்சைப் பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பொறுக்கித் தள்ளிவிட்டுத்தான் மற்றதை வீட்டுக்கு எடுக்க வேண்டும். தள்ளியதை மாட்டுத் தீவனத்திலும் சேர்க்க வேண்டாம். பால் வழியாகத் திரும்ப வீட்டுக்கே வந்துவிடும்.