கையெழுத்துப் போட மறுத்தவள்



தொடர்கதை எழுதுகிறவருக்கு முடிவு முன்கூட்டியே தெரியுமா? நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஓயாமல் வரும் கேள்வி இது. தெரியும் என்றுதான் எங்கள் கோப்புகள் சொல்கின்றன. தொடர் தொடங்கும் முன் கதைச்சுருக்கம் வாங்கி வைப்பது வழக்கம். ஆனால் அந்தச் சுருக்கத்தின்படியே கடைசி வாரம்வரை நடந்த நல்ல தொடர் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. கதாபாத்திரங்கள் விடுவதில்லை.

இது வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு டால்ஸ்டாயைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். ‘அன்னா கரீனினா’வும் பத்திரிகைத் தொடர்தான், 1875 முதல் 1877 வரை ரஷ்ய மாத இதழ் ஒன்றில் வந்தது. அதன் நான்காம் பாகத்தில், பிரசவத்துக்குப் பின் ஜன்னி கண்டு அன்னா சாகக் கிடக்கிறாள். கணவர் கரீனின் வந்து சேர்கிறார். மனைவியை மன்னிக்கிறார். அவளுடைய காதலன் விரான்ஸ்கி அதே அறையில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு நிற்கிறான். அந்தக் கைகளை விலக்கிவிட்டு அவனையும் மன்னிக்கிறார். இதற்குப் பிறகு விரான்ஸ்கி தன் நிலையை எப்படி ஏற்றுக்கொண்டான் என்ற அத்தியாயத்தை டால்ஸ்டாய் வெகு நாள் முன்பே எழுதி வைத்திருந்தார். அதைத் திருத்த உட்கார்ந்தார். தாம் சற்றும் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விரான்ஸ்கி துப்பாக்கியை எடுத்துத் தன்னைச் சுட்டுக்கொண்டுவிட்டான் என்று 1876 ஏப்ரலில் நண்பர் ஸ்திராகவுக்கு எழுதினார். இனி வரப்போகும் கதைக்கு அது நடந்தே ஆக வேண்டியிருந்தது என்பது அப்புறம்தான் விளங்கியது என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார்.

அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றும் பதில் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. அங்கே ஒரு காலை நேரத்தில் விரான்ஸ்கி தன் வரவு செலவைச் சரிபார்க்கிறான். அவன் எந்த விதிகளின்படி வாழ்கிறான் என்பதை டால்ஸ்டாய் பட்டியலே போடுகிறார். சீட்டாட்டத்தில் மோசடி செய்தவனுக்கே ஆனாலும் பட்ட கடனை அடைத்துவிட வேண்டும், தையற்காரனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆணிடம் பொய் சொல்லக் கூடாது, பெண்ணிடம் சொல்லலாம். யாரையும் ஏமாற்றக் கூடாது, கணவனை மட்டும் ஏமாற்றலாம். இப்படி வாழ்ந்தவன்முன், இதுவரை பரிதாபத்துக்குரியவராக, சிரிப்புக்கிடமானவராக இருந்த கணவர் திடீரென்று அவனைவிடப் பெரிய மனிதராகி நிற்கிறார். திருப்பி அடிக்கவும் இல்லை, சண்டைக்கு அழைக்கவும் இல்லை. அவனுடைய விதிப் புத்தகத்தில் இதற்குப் பக்கமே கிடையாது. மூன்று இரவு தூக்கமில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்குப் போய்ச் சமாதானமாகி உட்கார்ந்தான் என்று எழுதியிருந்தால் அது பொய். மேதை திட்டம் போட்டு எழுதிய பொய்தான், ஆனாலும் பொய். (குண்டு இதயத்தைத் தவறவிட்டது, கதை அவனை இன்னும் வெகு தூரம் நடத்திப் போக வேண்டியிருந்தது.)

ஆகவே பாத்திரம் கட்டுமீறுவது ஆவி வந்து இறங்குவதல்ல என்பது என் நம்பிக்கை. எழுத்தாளர் முன்பு எங்கோ கண் திறந்து கவனித்து எழுதிய ஒரு வரி, பின்னால் வந்து தன் பாக்கியைக் கேட்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இதழிலேயே இது நடந்தது. மூத்த எழுத்தாளர் ஒருவரின் தொடர். கதாநாயகி செல்லம்மா, கணவனை இழந்தவள். பன்னிரண்டாம் வாரம் மூத்த மகனின் பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டை விற்க வேண்டும் என்பது கதைச்சுருக்கம். ஓவியர் அதை நம்பிப் படமும் போட்டுவிட்டார்: மேஜை, மைக்கூடு, குனிந்த தலை. இதழ் அச்சுக்குப் போக வேண்டிய அன்று சாயங்காலம் எழுத்தாளர் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

“தம்பி, அவ கையெழுத்துப் போட மாட்டேங்கிறா.”

“யாரும்மா?”

“செல்லம்மாதான். ரெண்டு நாளா எழுதி எழுதிக் கிழிக்கிறேன். பேனாவைக் கையில் குடுத்தா கீழே வச்சுடறா.”

“படம் போட்டாச்சேம்மா.”

“படத்தை மாத்துங்க. அவளை மாத்த முடியாது.”

பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். நான்காம் வாரத்தில், யாரும் கவனிக்காத ஓர் இடத்தில், கொல்லைப்புறம் போகும்போதுகூட அந்தப் பெண் அலமாரியைப் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. எழுதியவருக்கே அந்த வரி நினைவில்லை. செல்லம்மாவுக்கு நினைவிருந்தது. ஓவியர் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து வேறு படம் போட்டார். அந்த மனிதருக்கு என் நன்றி இன்னும் தீரவில்லை. அந்த இதழுக்கு வந்ததுபோல் அந்தத் தொடரின் வேறெந்த வாரத்துக்கும் கடிதங்கள் வரவில்லை.

இப்படிப்பட்ட அனுபவம் ஒருவர் இருவருக்கு மட்டும் நேர்வதல்ல. எடின்பரோ சர்வதேசப் புத்தகத் திருவிழாவுக்கு வந்த 181 எழுத்தாளர்களிடம் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டறிந்தபோது, தங்கள் பாத்திரங்கள் தாமாகவே செயல்படக்கூடியவை என்று 61 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, என் பாத்திரங்கள் நான் வைத்த இடத்தில் கிடக்கும் அடிமைகள் என்ற பொருளில் பேசியவர் நாவலாசிரியர் நபக்கவ். அவர் எழுத்தின் நேர்த்திக்கு முன் தலைவணங்குகிறேன். ஆனாலும் இந்த விஷயத்தில் என் மனம் செல்லம்மா பக்கம்தான்.

தமிழில் இதற்குக் கங்காவைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரி மாணவி, முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். பதறி அடித்த தாய், பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். சிறுகதை அங்கே முடிந்துவிட்டது. நாட்டில்தான் முடியவில்லை, தாய் செய்தது சரியா என்று வீட்டுக்கு வீடு வாதம் நடந்தது. அந்தப் பெண்ணும் அடங்கவில்லை. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்கா என்ற பெயரோடு திரும்பி வந்தாள். இப்போது தாய் தண்ணீர் ஊற்றவில்லை. ஊருக்கே கேட்கும்படி கத்திவிட்டாள். அண்ணன் வீட்டை விட்டு விரட்டினான். கங்கா படித்து உத்தியோகத்துக்குப் போய், பல ஆண்டுகள் கழித்து ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையையே படிக்கிறாள். அந்தத் தாய்க்கு இருந்த அறிவு தன் தாய்க்கு இல்லாமல் போயிற்றே என்று பொருமுகிறாள். தான் படைத்த பெண்ணே தன் முடிவைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி எழுத ஓர் எழுத்தாளனுக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! அந்த நாவலுக்கு 1972இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதற்கும் பிறகு ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இன்னொரு நாவலையும் அவள் எழுத வைத்தாள்.

பாத்திரம் இழுத்த இழுப்புக்கெல்லாம் போகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. முழுச் சுதந்திரம் கொடுத்தால் அவர்கள் புத்தகத்தையே உதைத்து நொறுக்கிவிடுவார்கள், இறுக்கிப் பிடித்தால் செத்துப்போவார்கள் என்ற கருத்தை நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927லேயே சொல்லிவிட்டார். எங்கள் மேஜைக்கு வரும் கதைகளில் நான் அதிகம் காண்பது இரண்டாவது வகைச் சாவைத்தான். ஆறு பக்கம் உயிரோடு நடமாடிய ஒருவர், ஏழாம் பக்கத்தில் முடிவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று திடீரென மனம் திருந்துகிறார். அந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த ஆறு பக்கமும் நன்றாக இருக்கிறது.

புதிய தொடர்களுக்கு இப்போது கதைச்சுருக்கம் கேட்டிருக்கிறோம். எழுதுகிறவர்கள் தாராளமாக அனுப்பலாம். பாதி வழியில் உங்கள் ஆள் வேறு பக்கம் திரும்பினால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், இழுத்து வர வேண்டாம். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இவள் இதைச் செய்ய மாட்டாளே என்று எந்த வாரம் உங்களுக்குத் தோன்றினாலும், பக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை ஒரு வரிகூட வெட்டாமல் எழுத்தாளருக்கு அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்