குழாய் யார் நிலத்தில், கூலி யார் கணக்கில்?

'எரிசக்திப் பாதுகாப்பு' என்கிறான் டெல்லிக்காரன். யாருக்குப் பாதுகாப்பு? முதலில் இதைப் பேசுவோம் தோழர்களே.

கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோக, கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட வயல்களில் 310 கிலோமீட்டர் குழாய் பதிக்க வந்தது கெயில் நிறுவனம். விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போ என்றது 2013இல் ஜெயலலிதா அரசு. அந்த உத்தரவு செல்லாது என்று அதே வருஷம் நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது.

1962ஆம் வருஷச் சட்டம் சொல்வது இதுதான்: நிலம் உன்னுடையதே, ஆனால் குழாய் போகும் இடத்தில் வீடு கட்டாதே, கிணறு வெட்டாதே, மரம் நடாதே. இதற்கு ஈடு, சந்தை மதிப்பில் 10 சதவீதம். சேதமான பயிருக்குத் தனித்தொகை. இது அநியாயம். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நானும்.

ஆனால் 'விவசாயி' என்றார்களே, யார் அவன்? பட்டா வைத்திருப்பவன். தென்னை போனால் அவனுக்கு நஷ்டஈடு. அந்தத் தோப்பில் மட்டை பொறுக்கி, களையெடுத்துக் கஞ்சி குடித்த அருந்ததியப் பெண்ணுக்கு இன்னா ஈடு? நான் வங்கிக் குமாஸ்தா. செக்கில் பெயர் இல்லாதவருக்குக் கவுண்டரில் பணம் எண்ண முடியாது. செக்கின் பெயர் பட்டாவிலிருந்து வருகிறது. பட்டா சாதியிலிருந்து வருகிறது. 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை எவன் வளைத்து வைத்திருக்கிறானோ, குழாய் அந்த வழி போனால் பணமும் அவனுக்குத்தான்.

'அப்ப நீங்க வளர்ச்சிக்கு எதிரியா?' என்று ஒருத்தன் கேப்பான். அடப் போய்யா! 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் மின்சாரத்தைக் கவனித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். வறுமை ஒழியத் தொழில் பெருகணும், அதுக்கு மலிவான மின்சாரம் வேணும்னு 1943லேயே வாதாடியவர். எரிசக்தி வேண்டாமென்று சேரி சொன்னதில்லை.

எங்கள் செஞ்சிப் பக்கம், தொண்டூர் சேரியில் சிலிண்டர் இருக்கு, ரொப்பத்தான் காசில்லை. வேலிக்காத்தான் முள்ளுதான் அடுப்பில் எரியுது. உலகத்திலும் இதே ஊர், சேரி கதைதான். 2022இல் உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பா காசைக் கொட்டிக் கப்பல் எரிவாயுவை வாங்கிக்கொண்டது. வாங்க வக்கில்லாத பாகிஸ்தான் மின்வெட்டில் கிடந்தது.

ஆபத்து மட்டும் பட்டா கேட்பதில்லை. 2014 ஜூன் 27, ஆந்திராவில் நகரம் என்னும் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள்.

ஆகவே கேட்போம். நோட்டீஸ் ஒட்டும் முன்பே பஞ்சமி நிலத்தை அளந்து காட்டு. ஈட்டுப் பதிவேட்டில் குத்தகைக்காரன், கூலிக்காரி பெயரையும் எழுது. விவசாய சங்கத் தோழர்களே, உங்கள் கோரிக்கை மனுவில் இந்த இரண்டு வரிக்கும் இடம் உண்டா?