நுரை பொங்கினால் அழுக்குப் போகுமா?

கறம்பக்குடிக் கடைவீதியில் சோப்புத்தூள் வாங்க வருகிறவர் கேட்கும் முதற் கேள்வி, "நல்லா நுரைக்குமா?" என்பதுதான். "எந்தத் துணிக்கு ஏற்றது?" என்று கேட்பவர் அபூர்வம். "எத்தனை கரண்டி போடணும்?" என்று கேட்பவரோ அதிலும் அபூர்வம். வீட்டுக்கு வந்ததும் கைக்கு வந்ததே அளவு. வயலில் செம்மண் பட்ட கைலிக்கும் கல்யாணப் பட்டுச் சேலைக்கும் ஒரே வாளி, ஒரே தூள்!

முன்பு இப்படியில்லை. வேட்டி உவர்மண்ணில் தோய்ந்து வெள்ளாவிக்குப் போகும். பட்டு அங்கே போகாது. பூந்திக்கொட்டை ஊறிய நீரே அதற்குப் போதும். ரசாயனம் படிக்காத சலவைத் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. பருத்தி தாவர இழை, காரத்தைத் தாங்கும். பட்டும் கம்பளியும் புரத இழைகள். காரம் அவற்றை அரிக்கும். 1959-ல் சர்ஃப் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1969-ல் தொடங்கிய நிர்மா, மலிவு விலையால் சோப்புத்தூளை ஏழை வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. துவைக்கிறவர்களின் பாடு குறைந்தது உண்மை. ஆனால் துணி பார்த்துத் துவைக்கும் பழைய அறிவு அதோடு சேர்ந்து வரவில்லை.

அழுக்கை எடுப்பது நுரையன்று. சோப்புத்தூளின் நுண்துகளுக்கு ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை தண்ணீரைப் பற்றும். இரண்டுக்கும் நடுவில் அழுக்குப் பெயர்ந்து வருகிறது. நுரை வெறும் காற்றுக் குமிழிதான். நுரையைப் பார்த்துத் தூளைக் கூட்டுகிறவர், காசைக் காற்றுக்குக் கொடுக்கிறார்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். ஒரு பாட்டிலில் பாதி நீர் நிரப்பி, சிறிது குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினால் போதும். நுரைக்காமல் தயிர்த் திரிபோல் மிதந்தால் அது கடின நீர். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். கடின நீருக்குத் தூள் சற்றுக் கூடுதலாக வேண்டும். மழைநீருக்குக் குறைவாகவே போதும்.

இனித் துணி. பருத்தி வேட்டிக்கும் கைலிக்கும் சாதாரணத் தூள் போதும். புதுக் கைலியானால், ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்து, ஒட்டினால் தனியே துவைக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அந்த இடத்தில் மட்டும் கரைத்த சோப்பைத் தடவிச் சற்று ஊற வைப்பது, வாளி முழுவதும் தூள் கொட்டுவதைவிட மேல். 'கறை நீக்கும் என்சைம்' உள்ள தூள் பட்டுக்கு ஆகாது. இரத்தக் கறையிலும் பால் கறையிலும் உள்ள புரதத்தைக் கரைக்கும் என்சைம், பட்டின் புரதத்தையும் தொடும். பட்டுக்கு மென்மையான திரவ சோப்பு, குளிர்ந்த நீர், நிழலில் காயவைத்தல், இவ்வளவே. முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்துக்கு நுரை குறைந்த தூள் தனியே உண்டு.

அளவு? பாக்கெட்டில் அச்சிட்ட கிராம் கணக்கை ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, அது எத்தனை கரண்டி என்று தெரிந்துகொண்டால், பிறகு அந்தக் கரண்டியே படி. தூள் மிகுந்தால் அலசியும் போகாமல் துணியில் தங்கும். குழந்தையின் மென்தோல் அரிக்கும். துவைக்கிறவர் கை வெடிக்கும். அலச இன்னும் இரண்டு வாளி நீர் வேண்டும். பாஸ்பேட் கலந்த தூளானால், அந்த நீர் குளத்தில் சேரும்போது பாசிக்கும் தீனியாகிறது.

குற்றம் துவைக்கிறவர்மேல் மட்டுமன்று. பாக்கெட்டின் முகத்தில் வெண்மையையும் நறுமணத்தையும் கொட்டை எழுத்தில் அச்சிடும் கம்பெனிகள், அளவை முதுகில் எறும்பு ஊர்வது போல அச்சிடலாமா? எத்தனை துணிக்கு எத்தனை கரண்டி, எந்தத் துணிக்கு ஆகாது என்பதை முகப்பிலேயே தமிழில் பெரிதாகப் போட வேண்டும். விற்பனை குறையும் என்று அவர்கள் தயங்கினால், தயங்காமல் கேட்க வேண்டியவர்கள் வாங்குகிறவர்களே. அடுத்த முறை கடையில் "நுரைக்குமா?" என்பதற்குப் பதில் "எவ்வளவு போடணும்?" என்று கேட்டுப் பார்க்கட்டும், பதில் தெரியாத கடைக்காரரும் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கத் தொடங்குவார்.