நீருடன் சேராத பிறேக் திரவம்

மோட்டார் வண்டியின் பிறேக் மிதியைக் காலால் அழுத்தியதும் நான்கு சில்லுகளும் ஒருங்கே தடைப்படுவது எவ்வாறு? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் பிரயோகிக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிச் செல்லும் என்னும் பஸ்காலின் விதியே அதற்கு ஆதாரம். குழாயிலுள்ள திரவம் சுருங்காதிருக்கும் வரையில் காலின் கட்டளை சில்லைச் சென்றடையும். இடையே வாயுக் குமிழி புகுந்துவிடின், நமது பலம் அதனை நசுக்குவதிலேயே வீணாகிவிடும். வண்டியோ நில்லாது ஓடும்.

பிறேக் ஒயில் என்று வழக்கில் நாம் கூறுவது பெரும்பாலும் கிளைக்கோல் வகைத் திரவமாகும். டொட் 3, டொட் 4 என்பன அவ்வகையின. இவற்றிற்கு இரண்டு குறைகளுண்டு. ஒன்று, வண்டியின் வர்ணப் பூச்சை அரித்துவிடும். மற்றையது, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 திரவத்தின் கொதிநிலை 205 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது என்பது விதி. ஈரமேறிய பின்னரோ 140 பாகையே போதுமென வைக்கப்பட்டுள்ளது.

இவ்விரு குறைகளையும் நீக்கப் பிறந்ததே சிலிக்கன் திரவமாகிய டொட் 5. ஊதா நிறமுடையது, கொதிநிலை 260 பாகைக்குக் குறையாதது, பூச்சைக் கெடுக்காதது, நீரை உறிஞ்சாதது. பழைய கார்களைப் பேணுவோர் பலர் இதனை விரும்புவதில் வியப்பில்லை.

ஆயினும், நீரை உறிஞ்சாத அக்குணமே ஆபத்தாகவும் முடியக்கூடும். எவ்வளவு காத்தாலும் சிறிதளவு ஈரம் உட்புகவே செய்யும். கிளைக்கோல் அதனைத் தன்னுள் கரைத்துப் பரப்பிவிடுகின்றது. சிலிக்கனோ ஏற்க மறுக்கின்றது. சிலிக்கனிலும் பாரமான நீர், தாழ்ந்த இடமாகிய சில்லுப் பிறேக்கிற் சென்று தேங்குகின்றது. அங்கே உலோகம் துருப்பிடிக்கும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும் வண்டியில் வெப்பம் மிகுவதும் அவ்விடத்திலேதான். தேங்கிய நீர் 100 பாகையளவிற் கொதித்து ஆவியானால், திரவத்தின் 260 பாகை நமக்கு என்ன துணை செய்யும்?

இன்னுஞ் சில குறைகள் உள. சிலிக்கன் காற்றை எளிதிற் கரைத்து வைத்துக்கொள்ளும். ஊற்றும்போது எழும் நுண்குமிழிகளை வெளியேற்றுவது கடினம். மிதி, பஞ்சை மிதிப்பதுபோற் தோன்றும். ஏ.பி.எஸ். பொருத்திய கார்களில் வால்வுகள் விரைந்து திறந்து மூடுகையில் இத்திரவம் நுரைக்கக்கூடும். ஆகவே அவற்றிற்கு இது பொருந்தாது. கிளைக்கோலுடன் இது கலவாது. மாற்ற விரும்புவோர் பழைய திரவம் முழுவதையும் அகற்றி, குழாய்களைச் சுத்தஞ்செய்து, றப்பர்ப் பாகங்களையும் புதுப்பித்தல் வேண்டும்.

இலக்கத்திலும் ஒரு மயக்கமுண்டு. டொட் 5.1 என்பது சிலிக்கனன்று, கிளைக்கோல் வகையே. புள்ளியொன்றைக் கவனியாது வாங்குவோர் பிழையான போத்தலுடன் வீடு திரும்புவர்.

ஆகவே, திரவம் நிறைக்குமுன் அதன் கலத்தின் மூடியிலும் வண்டியின் கைந்நூலிலும் குறித்துள்ளதைப் படித்து, அதனையே வாங்குவோமாக. கிளைக்கோல் திரவத்தைப் பொதுவாக ஈராண்டுக்கொருமுறை மாற்றிவிட்டால் அதன் ஈரக்குறை பெரிதாகாது. சிந்திய திரவத்தால் பூச்சுப் போனால் மறுபடியும் பூசிக்கொள்ளலாம். இறக்கத்திற் பிறேக் போனால், வண்டிக்குள்ளிருக்கும் குடும்பத்தின் கதி என்னவாகும்?